சுறாவுக்கு டேக் போட எந்தப் படகில் ஏறுவது?

சுறா ஆய்வில் தன்னார்வலராகக் கை கொடுக்க நினைப்பவர் முன்னால் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஆய்வுக் குழுவின் படகில் ஒரு நாள் போய் வருவது ஒன்று. ஏற்கெனவே தூண்டில் போடும் பழக்கம் உள்ளவர், தன் தூண்டிலில் மாட்டிய சுறாவுக்குத் தானே டேக் (அடையாளக் குறி) குத்தி விட்டுவிடுவது இன்னொன்று. களநிலையம் ஒன்றில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தங்கி வேலை செய்வது மூன்றாவது. முள்ளும் வலையும் இல்லாமல், ஒளிப்படம், வீடியோ, கரை ஒதுங்கும் முட்டைக்கூடு ஆகியவற்றைக் கொண்டு தகவல் சேர்ப்பது நான்காவது. விளம்பரத்தில் பார்த்தால் முதல் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்: நனைந்த சட்டையோடு ஒருவர் சுறாவின் முதுகில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார். ஆனால் அந்தச் சுறா படும் பாடும், அன்று எழுதிய குறிப்பு போய்ச் சேரும் இடமும் வழிக்கு வழி வேறு.

தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு கேள்விகள் போதும். அந்தச் சுறா எத்தனை நிமிடம் நம்மிடம் சிக்கியிருக்கப் போகிறது? நாம் எழுதித் தரும் எண்ணுக்காக மறுபக்கத்தில் யாராவது காத்திருக்கிறார்களா? பயணம் எப்படி இருக்கும், படம் எடுக்க முடியுமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். காரணம், சுறா மெதுவாக வளரும் உயிர். எலுமிச்சைச் சுறா பருவமடையவே ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். மற்ற மீன்களைப்போல லட்சக்கணக்கில் முட்டையிட்டு இழப்பை ஈடுகட்டும் இனமல்ல இது. 2021-ல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, சுறா, திருக்கை வகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. அப்படிப்பட்ட மீனை முள்ளில் மாட்டி நிறுத்திவைக்க ஒரு நியாயம் வேண்டும். அதனிடமிருந்து கிடைக்கும் தகவலைத் தவிர வேறு நியாயம் எதையும் நான் ஏற்கமாட்டேன்.

டேக் ஒன்றல்ல

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'டேக்' என்ற ஒரே பெயரில் நான்கு வேறுபட்ட பொருள்கள் புழங்குகின்றன. எது யார் கையால் பொருத்தப்படும் என்பதை வைத்தே தன்னார்வலரின் வேலை அமைகிறது.

முதலாவது, முதுகுத் துடுப்பின் அடியில் சதையில் குத்தப்படும் எண் டேக். அமெரிக்கத் தேசியக் கடல்மீன்வளச் சேவையின் 'எம்' டேக்கில் துருப்பிடிக்காத எஃகு முனை, சிறு தங்கூசி (நைலான்) நரம்பு, அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் குழல் இருக்கும். குழலுக்குள் சுருட்டி வைத்த பிளாஸ்டிக் தாளில் 'இதைக் கண்டால் எங்களுக்குத் தெரிவியுங்கள்' என்ற செய்தி ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு, ஜப்பானியம், நார்வேஜியம் ஆகிய ஐந்து மொழிகளில் அச்சாகியிருக்கும். பயிற்சி பெற்ற எவரும் இதைக் குத்தலாம். இரண்டாவது, தோலுக்கடியில் ஊசிவழி செலுத்தப்படும் அரிசி மணி அளவிலான பிட் டேக். கருவியை அருகில் கொண்டுபோனால் மட்டும் எண்ணைக் காட்டும். மூன்றாவது ஒலி டேக். வயிற்றில் சிறு அறுவை செய்து உள்ளே வைப்பார்கள். கடலடியில் நட்டுவைத்த ஒலிவாங்கியைச் சுறா சில நூறு மீட்டர் தொலைவில் கடந்தால் நேரமும் எண்ணும் பதிவாகும். நான்காவது செயற்கைக்கோள் டேக். ஒன்றின் விலையே ஆயிரக்கணக்கான டாலர் என்பதால் அதைப் பயிற்சி பெற்ற ஆய்வாளர் மட்டுமே தொடுவார்.

ஆகவே, 'நீங்களே செயற்கைக்கோள் டேக் பொருத்தலாம்' என்று யாராவது ஒரு நாள் பயணத்துக்கு ஆள் சேர்த்தால், அங்கேயே நின்று யோசியுங்கள்.

ஆய்வுப் படகில் ஒரு நாள்

பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ அனுமதி பெற்று நடத்தும் ஒரு நாள் பயணம்தான் பெரும்பாலானோர் முதலில் கேள்விப்படுவது. மயாமி பல்கலைக்கழகத்தின் சுறா ஆய்வு, பாதுகாப்புத் திட்டம் பள்ளி மாணவர்களைக்கூடப் படகில் ஏற்றிச் செல்கிறது. முறை ஏறக்குறைய எங்கும் இதுதான்: இரை கோத்த தூண்டில்களைக் குறிப்பிட்ட இடங்களில் இறக்குவது, குறிப்பிட்ட நேரம் காத்திருப்பது, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பது.

இங்கே எந்த வகைத் தூண்டில் என்று கட்டாயம் கேட்க வேண்டும். சுறாக்களில் பல வகை, நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள் வழியாக நீர் ஓடி மூச்சு விட முடியும். நீளக் கயிற்றில் வரிசையாக முட்கள் தொங்கும் லாங்லைனில் குட்டையான கிளைக் கயிற்றில் மாட்டிய சுறாவுக்கு நீந்த இடம் குறைவு. அதனால் சில குழுக்கள் டிரம்லைன் போடுகின்றன. கடலடியில் கனமான எடை, அதன்மேல் சுழலும் வளையம், அதிலிருந்து இருபது மீட்டருக்கும் அதிகமான தங்கூசி, நுனியில் வட்ட முள். மாட்டிய சுறா எடையைச் சுற்றி வட்டமடித்து நீந்திக்கொண்டே இருக்கலாம். வட்ட முள் பெரும்பாலும் வாயோரத்தில்தான் பற்றும். பழைய 'ஜே' வடிவ முள்போலத் தொண்டைக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ இறங்குவது குறைவு. தூண்டிலை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கும் குழுவும், இரவு முழுக்கப் போட்டுவிட்டுக் காலையில் எடுக்கும் குழுவும் சுறாவின் பார்வையில் ஒன்றல்ல.

சுறா படகோரம் வந்ததும் எல்லாம் வேகமாக நடக்கும். அனுபவசாலிகள் தலையையும் வாலையும் பிடித்துக்கொள்வார்கள். படகோர மேடைக்கு ஏற்றுவதானால் வாய்வழியே கடல்நீரைக் குழாயில் செலுத்துவார்கள். ஒருவர் நீளம் அளப்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் துடுப்பின் பின்னோரத்தில் சிறு துணுக்கு வெட்டி மரபணு ஆய்வுக்கு எடுப்பார், ஒருவர் டேக் குத்துவார். ஆணா பெண்ணா என்பதை இடுப்புத் துடுப்பருகே விரல்போல நீண்ட இரண்டு உறுப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். சில குழுக்கள் கண்ணருகே நீரைப் பீய்ச்சி, கண்மூடும் சவ்வு உடனே மூடுகிறதா என்று பார்த்துச் சுறாவின் களைப்பைக் கணிக்கும். இவ்வளவும் சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். முடிக்கும் குழுவே நல்ல குழு.

இந்த வழியின் பெரும் பலத்தைப் பலரும் கவனிப்பதில்லை. எத்தனை முட்கள், எத்தனை நேரம், எந்த ஆழம், என்ன இரை என்பது ஒவ்வொரு பயணத்திலும் ஒரே மாதிரி பதிவாகிறது. அதனால் ஒரு சுறாகூடக் கிடைக்காத நாளும் தகவல்தான். இத்தனை முட்கள் இத்தனை மணி நேரம் நீரில் இருந்தும் ஒன்றும் வரவில்லை என்ற பதிவு இருந்தால்தான், பத்து ஆண்டு கழித்து அந்தக் கடலோரத்தில் சுறா கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியும். இரண்டாவது வழியான மீன்பிடிப்போர் திட்டத்தால் இதைச் செய்ய முடியாது. அங்கே டேக் போட்ட விவரத்தை எழுதியனுப்பும் அட்டை வருவது சுறா கிடைத்த நாளில் மட்டும்.

பலவீனமும் உண்டு. ஒரே நாளில் நீங்கள் செய்யும் வேலை சிறியது: இரை வெட்டுவது, எண்களை எழுதுவது, நீளம் பிடிப்பது, நீர்க்குழாயைப் பிடித்துக்கொள்வது. அனுமதிச் சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் டேக் குத்த வேண்டும் என்று சில இடங்களில் விதியே இருக்கும். உங்கள் கட்டணம் டீசலுக்கும் படகுக்கும் டேக்குக்கும் போகிறது. அதாவது உங்கள் பங்களிப்பில் பெரும்பகுதி உழைப்பாக அல்ல, பணமாகவே சேருகிறது. இதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. சுறா ஆய்வு பணத் தட்டுப்பாட்டிலேயே நடக்கும் துறை. நீங்கள் கொடுத்த தொகையில் ஒரு டேக் கடலுக்குப் போகிறதென்றால் அது உண்மையான உதவி. 'நான் விஞ்ஞானம் செய்தேன்' என்ற நிறைவை மட்டும் தேடிப் போகிறவருக்கு ஏமாற்றமாக இருக்கலாம் என்பதால் சொல்கிறேன்.

எந்த இனம் மாட்டும் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். செவிலிச் சுறா, எலுமிச்சைச் சுறா, புலிச் சுறா ஆகியவை பிடிபட்ட அதிர்ச்சியை ஓரளவு தாங்கும். சுத்தியல் போன்ற தலையுள்ள கொம்பன் சுறா தாங்காது. போராடும்போது அதன் உடலில் லாக்டிக் அமிலம் வேகமாக ஏறும். நன்றாக நீந்திப் போனதுபோல் தெரிந்தாலும் பிறகு இறந்துவிடக்கூடும். பெருங்கொம்பன் 2019 முதல் உலகச் சிவப்புப் பட்டியலில் மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள இனம். கொம்பன் மாட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், பொறுப்பான குழு உடனே பதில் சொல்லும்: மற்ற அளவுகளைக் கைவிட்டு, முடிந்தால் நீரிலேயே டேக்கைக் குத்தி, முள்ளை அறுத்து, போகவிடுவோம் என்று. 'கொம்பன் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம், நிறையப் படம் எடுக்கலாம்' என்று சொல்கிற படகில் ஏறாதீர்கள்.

உங்கள் தூண்டில், உங்கள் டேக்

இது நான்கிலும் பழையது. எண்ணிக்கையில் மிகப் பெரிய பலன் தந்ததும் இதுதான். 1962-ல் அமெரிக்கக் கிழக்குக் கரையில் நூறுக்கும் குறைவான தன்னார்வ மீன்பிடிப்போருடன் கூட்டுறவுச் சுறா டேக் திட்டம் தொடங்கியது. 2013 வரை சேர்ந்த பதிவுகளைத் தொகுத்தபோது, டேக் போட்ட சுறாக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தன. மீண்டும் பிடிபட்டவை பதின்மூன்றாயிரத்துக்கும் மேல். டேக் போட்டவற்றில் பாதிக்கு மேல் நீலச் சுறா. அவை அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பியப் பக்கமும் போய்வருகின்றன என்பது இந்த எளிய எண் குழல்களால் தெரியவந்தது. ஒரு நீலச் சுறா டேக் போட்ட இடத்துக்கும் பிடிபட்ட இடத்துக்கும் இடையே ஏறத்தாழ 4,000 கடல் மைல். ஒரு சாண்ட்பார் சுறா டேக்கோடு 27.8 ஆண்டுகள் கடலில் இருந்துவிட்டு மறுபடி கிடைத்தது. இவ்வளவு நீண்ட காலம், இவ்வளவு பெரிய கடல்பரப்பில், எந்த ஆய்வுக்கூடத்தின் பணமும் தாக்குப்பிடிக்காது. அயர்லாந்தில் 1970-லும், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1973-லும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1984-லும் இதே போன்ற திட்டங்கள் தொடங்கின. அவற்றில் சுறாவோடு மற்ற மீன்களும் உண்டு.

இந்தத் திட்டங்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை. ஆனாலும் புதிதாகச் சேர நினைப்பவரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: டேக் போடுவதற்காகச் சுறா பிடிக்கக் கிளம்பாதீர்கள். ஏற்கெனவே சுறா மாட்டும் இடத்தில் தூண்டில் போடுகிறவர், எப்படியும் விட்டுவிடப் போகும் மீனுக்கு டேக் குத்தினால் அங்கே சுறாவுக்குக் கூடுதல் இழப்பு சில விநாடிகள். டேக் என்ற காரணத்தைச் சொல்லிக்கொண்டு ஒருவர் புதிதாகச் சுறாத் தூண்டில் பழகினால், பிடிபடாமல் இருந்திருக்க வேண்டிய மீன் பிடிபடுகிறது. பழகும் காலத்தில் கை தடுமாறும். மெல்லிய நரம்பும் சிறிய ரீலும் வைத்துப் பெரிய சுறாவோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டினால், விடும்போது அது பாதி செத்திருக்கும். கரையில் இழுத்துப் போட்டு மணலில் நெளியவிட்டுப் படமெடுப்பது அதைவிட மோசம். சுறாவின் எலும்புக்கூடு எலும்பால் அல்ல, குருத்தெலும்பால் ஆனது. நீர் தாங்கிப் பிடிக்காதபோது அதன் எடையே உள்ளுறுப்புகளை நசுக்கும். புளோரிடாவில் 2019 ஜூலை முதல் கரையிலிருந்து சுறா பிடிப்போருக்குத் தனி அனுமதி கட்டாயமானது இந்தப் பழக்கங்கள் முற்றியதால்தான். பிடிக்கத் தடை உள்ள இனத்தை நீரைவிட்டு வெளியே எடுக்கக் கூடாது, உடனே விட வேண்டும் என்று அங்கே விதி.

தகவலின் தரத்திலும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. பழுப்பு நிற உடலும் வெளிறிய வயிறுமாக ஒன்றையொன்று ஒத்திருக்கும் சுறா இனங்கள் பல. துடுப்பு எங்கே தொடங்குகிறது, இரண்டு முதுகுத் துடுப்புகளுக்கு இடையே மேடு இருக்கிறதா என்பதைக் கொண்டுதான் பிரிக்க வேண்டும். படகு ஆடும்போது, இருட்டில், மாட்டிய மீன் துள்ளும்போது அது எளிதல்ல. நீளத்தைக் கண்ணால் மதிப்பிடுகிறவர் பெரும்பாலும் கூட்டியே சொல்வார். இதற்கு மருந்து உண்டு. துடுப்பும் தலையும் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பலாம், படகோரத்தில் அளவுக்கோடுகள் வரைந்து வைக்கலாம். நிச்சயம் தெரியாத இனத்துக்கு நிச்சயமில்லை என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய இனப்பெயர் வெற்றிடத்தைவிடக் கெடுதல் செய்யும்.

இன்னும் ஒன்று. டேக்கைக் குத்திவிட்டு அட்டையை அனுப்ப மறப்பவர்கள் இருக்கிறார்கள். பல ஆண்டு கழித்து வேறொரு கடலில் யாரோ அந்தச் சுறாவைப் பிடித்து எண்ணை எழுதியனுப்பும்போது, அது எங்கே எப்போது புறப்பட்டது என்று பதிவில் ஒன்றும் இராது. சுறாவின் உடலில் ஒரு காயமும், பதிலில்லாத ஓர் எண்ணும்தான் மிச்சம். அன்று இரவே அட்டையை நிரப்பும் ஒழுங்கு உங்களிடம் இல்லையென்றால் இந்த வழி உங்களுக்கானதல்ல. பொறுமையும் வேண்டும். மேலே சொன்ன கணக்கில் நூறு டேக்குகளில் ஏறத்தாழ ஆறு மட்டுமே திரும்பி வந்திருக்கின்றன. நீங்கள் போட்டதைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஒரு செய்தியும் வராமல் போகலாம்.

களநிலையத்தில் தங்குவது

பஹாமாஸின் பிமினித் தீவில் 1990-ல் சாமுவேல் குரூபர் நிறுவிய களநிலையம் இந்த வழிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கே ஆண்டுதோறும் எலுமிச்சைச் சுறாக் குட்டிகளை ஆழமில்லாத காயல் பகுதியில் வலையில் பிடித்து, பிட் டேக் செலுத்தி, அளந்து, மரபணுத் துணுக்கு எடுத்து விடுகிறார்கள். அதே தீவில் அதே குட்டிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்ததால் கிடைத்த பலனைப் பாருங்கள். 1990-களில் அங்கே பிறந்த பெண் சுறாக்களில் குறைந்தது ஆறு, 14 முதல் 17 ஆண்டுகளுக்குப் பிறகு, குட்டி ஈன அதே பிமினிக்கே திரும்பி வந்தன என்பது 2014-ல் வெளியான ஆய்வில் உறுதியானது. பிறந்த இடத்துக்கே தாய் திரும்புகிறது என்றால், ஒரு காயலைத் தூர்த்தால் அங்கே பிறந்த பரம்பரையே வீடிழக்கிறது. ஒரு நாள் பயணங்கள் எத்தனை சேர்ந்தாலும் இப்படி ஒரு முடிவை எட்டியிருக்க முடியாது. ஒரே இடத்தில், ஒரே முறையில், தலைமுறை தாண்டி நடந்த வேலை அது.

தன்னார்வலருக்கும் இங்கேதான் உண்மையான பயிற்சி. முதல் வாரம் வலை இழுக்கத் தடுமாறுகிறவர், மாத முடிவில் சுறாவைப் பிடித்துத் திருப்பி அளக்கப் பழகிவிடுவார். கடல்வாழ் உயிரியலைத் தொழிலாகக் கொள்ள நினைக்கும் இளைஞருக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். கடலியல் படிப்பு நமக்கு ஒத்துவருமா என்று கண்டுபிடிக்கவும் இதைவிட நேர்மையான வழி இல்லை. சமையல், பாத்திரம் கழுவுதல், படகு துடைத்தல், நள்ளிரவில் வலை பார்த்தல், உப்பு நீரில் புண்ணான விரல்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வேலை. செலவும் அதிகம், விடுப்பும் அதிகம். தங்கும் செலவைத் தன்னார்வலரே கட்ட வேண்டியிருப்பதால், திறமை இருந்தும் வசதி இல்லாதவர்கள் வெளியே நிற்கிறார்கள். இது இந்தத் துறையின் உண்மையான குறை. கட்டணச் சலுகையோ உதவித்தொகையோ உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

முள் இல்லாத வழி

டேக் பயணம் என்று தேடி வந்தவருக்கு இது இரண்டாம் தரமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2003 நவம்பரில் தென்னாப்பிரிக்கக் கரையில் ஒரு பெரு வெள்ளைச் சுறாவுக்குச் செயற்கைக்கோள் டேக் பொருத்தினார்கள். 99 நாளில் அது இந்தியப் பெருங்கடலைக் கடந்து, ஏறத்தாழ 11,000 கி.மீ. நீந்தி, மேற்கு ஆஸ்திரேலியக் கரையருகே போனது. டேக் அங்கே கழன்று மேலே மிதந்து செய்தி அனுப்பியது. அதோடு டேக்கின் வேலை முடிந்தது. அந்தச் சுறா மறுபடி தென்னாப்பிரிக்காவுக்கே திரும்பி வந்தது எப்படித் தெரிந்தது? 2004 ஆகஸ்டில் எடுத்த படத்தில் அதன் முதுகுத் துடுப்பின் வெட்டுகளை அடையாளம் கண்டார்கள். விலை உயர்ந்த கருவி பாதிக் கதையைச் சொன்னது, மீதியை ஒளிப்படம் சொன்னது.

திமிங்கலச் சுறாவின் உடலில் உள்ள வெண்புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொரு சுறாவுக்கும் தனி. விண்மீன் இருப்பிடங்களை ஒப்பிட வானியலார் பயன்படுத்திய கணக்கு முறையைத் தழுவி, இரண்டு படங்களில் இருப்பது ஒரே சுறாவா என்று கணினி பார்க்கும் முறை 2005-ல் வெளிவந்தது. முக்குளிக்கப் போகிறவர் செவுளுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு தெளிவான படம் எடுத்து, இடத்தையும் நாளையும் சேர்த்து அனுப்பினால் போதும். சுறாவை யாரும் தொடவே தேவையில்லை. அளவு, மரபணு, ரத்தம் எதுவும் இதில் கிடைக்காது என்பது உண்மை. புள்ளியோ வெட்டோ இல்லாத, ஒன்றுபோலவே இருக்கும் இனங்களுக்கு இந்த முறை உதவாது என்பதும் உண்மை.

கடலில் இறங்கவே முடியாதவருக்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. பிரிட்டனின் ஷார்க் டிரஸ்ட் 2003-ல் தொடங்கிய முட்டைக்கூடு தேடலில், கரை ஒதுங்கிய வெறும் முட்டைக்கூடுகளைப் பொறுக்கி இனம் கண்டு தெரிவிக்கிறார்கள். எந்தக் கடற்கரையோரம் எந்த இனம் முட்டையிடுகிறது என்பது அதிலிருந்து தெரிகிறது. முட்டையிடாமல் குட்டி போடும் இனங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. இன்னொன்று, கடலடியில் இரையோடு இறக்கிய கேமராவின் பதிவுகளைப் பார்த்து எண்ணுவது. 58 நாடுகளில் 371 பவளப்பாறைகளில் 15,000 மணி நேரத்துக்கும் மேல் பதிவான வீடியோவைக் கொண்டு, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பாறையில் சுறாவே காணப்படவில்லை என்று 2020-ல் ஓர் ஆய்வு காட்டியது. சுறா இல்லாத பாறையில் மணிக்கணக்கான பதிவை யாரோ உட்கார்ந்து பார்த்ததால்தான் அந்த முடிவு வந்தது.

எனக்குத் தெரிந்த வரை தேர்வு

ஒரே ஒரு நாள் ஒதுக்க முடியும், சுறாவை அருகில் பார்க்கவும் வேண்டும், பணம் கொடுக்கவும் தயார் என்றால் ஆய்வுப் படகில் ஏறுங்கள். அது ஆய்வுக் குழுவின் படகாக இருக்க வேண்டும். டேக் என்ற பெயரை மட்டும் ஒட்டிக்கொண்ட உல்லாசப் படகு வேண்டாம். இரண்டையும் பிரிப்பது எளிது. டேக் எண்கள் எந்தத் தரவுத்தளத்தில் பதிகின்றன, யாருடைய அனுமதியின் கீழ் பிடிக்கிறீர்கள், உங்கள் தரவிலிருந்து வெளிவந்த ஆய்வு ஒன்றைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். ஆய்வுக் குழு இந்தக் கேள்விகளை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்ளும். மழுப்பினால் விட்டுவிடுங்கள், அங்கே காயப்படுவது சுறா மட்டும்தான்.

ஆண்டு முழுக்கக் கடலில் தூண்டில் போடுகிறவர் என்றால், உங்கள் கரையில் மீன்வளத் துறையோ ஆய்வு நிறுவனமோ நடத்தும் திட்டம் இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள். வட்ட முள், கனமான நரம்பு, நீண்ட கைப்பிடியுள்ள முள் அறுப்பான் மூன்றும் இல்லாமல் போகாதீர்கள். மீன் நீரிலேயே இருக்கட்டும். முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்காமல் நரம்பை முடிந்தவரை அருகே அறுத்துவிடுங்கள். உங்கள் கரையில் திட்டம் எதுவும் இல்லையென்றால், கடையில் வாங்கிய டேக்கைச் சொந்தமாகக் குத்தத் தொடங்காதீர்கள். அந்த எண்ணைக் கேட்க மறுபக்கம் யாரும் இல்லை.

இளைஞர், ஒரு மாதமாவது ஒதுக்க முடியும், இதையே வாழ்க்கையாக்க யோசனை என்றால் களநிலையம்தான். மற்ற எல்லாருக்கும், குறிப்பாக ஒரு தடவையோடு விட்டுவிடாமல் ஆண்டுக்கணக்கில் தொடர நினைப்பவருக்கு, முள் இல்லாத வழியையே சொல்வேன். ஒரே கடற்கரையில் வாரம் தவறாமல் நடந்து முட்டைக்கூடு எண்ணும் ஒருவரின் பத்தாண்டுப் பதிவு, பத்துப் பேரின் ஒரு நாள் பயணத்தைவிட ஆய்வாளருக்குப் பயன்படும்.

நான்கில் எதையும் தேர்ந்தெடுக்காதவருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. டேக் போட்ட சுறா மறுபடி கண்ணில் பட்டு, அதை ஒருவர் தெரிவித்தால்தான் எண் டேக் வேலை செய்யும். தூண்டிலிலோ, வலையிலோ, ஏலக்கூடத்திலோ, கரை ஒதுங்கியோ டேக் உள்ள சுறாவைப் பார்த்தால், பாசியைத் துடைத்து எண்ணைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். நாள், இடம், நீளம், ஆணா பெண்ணா என்பதைச் சேர்த்து, டேக்கில் உள்ள முகவரிக்குத் தெரிவியுங்கள். சுறா உயிரோடு இருந்தால் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு உடனே விட்டுவிடுங்கள்.